ஐந்து வயர்களும் உப்புக்காற்றும்

பழைய ரீவி கேம் கைப்பிடியை இன்றைய வீட்டுக் கணினியோடு இணைப்பது எப்படி என்று தேடுபவருக்குக் கிடைக்கும் குறிப்புகள் அநேகமாக அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள் எழுதியவை. கையில் இருப்பது நின்டெண்டோ கொம்பனியின் அசல் கைப்பிடி, அதன் ஏழு ஊசிப் பிளக் நல்ல நிலையில் இருக்கிறது, தேவையான சாமானுக்கு இன்று சொன்னால் நாளை வீட்டுக்கு வரும் என்று நம்பித்தான் அவை தொடங்குகின்றன. இலங்கையின் மன்னாரில் இந்த மூன்றுமே பொருந்துவதில்லை. இங்கே வீடுகளில் மிஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். பிளக்கில் ஒன்பது ஊசி. எந்த ஊசி எதற்கு என்று சொல்லும் கையேடு எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை. வெளிநாட்டுப் பார்சலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கேள்வியை எங்கள் கரைக்கு ஏற்றபடி அடியிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. என்ன மிஞ்சியிருக்கிறது, அது எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சைக் கணினிக்கு எட்டவைக்க என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எது கைப்பிடியைக் கெடுக்காமல் விடுகிறது? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பிடியின் வயரை வெட்டக் கூடாது, உள்ளே இருப்பதைப் பிடுங்கக் கூடாது. கைப்பிடியைக் கணினியோடு சேர்க்கும் ‘மாற்றி’ வெளியே ஒரு சிறு பெட்டியில் இருக்கட்டும். இந்தக் கைப்பிடிகளின் மின்னணுவியல், ரேடியோ திருத்தும் கடையொன்றில் ஒரு பின்னேரத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு எளிமையானது. அவற்றை நிரந்தரமாக மாற்றியமைக்க ஒரு தேவையும் இல்லை.

நின்டெண்டோவின் ஃபமிகொம் 1983 யூலை 15இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மேற்கத்திய உருவம் 1985இல் அமெரிக்காவுக்குப் போனது. தெற்காசியாவின் பெரும்பகுதிக்கு அந்த இரண்டில் எதுவும் நேராக வந்து சேரவில்லை. வந்தவை நகல்கள். தைவானின் யூஎம்சி கொம்பனி செய்த சிப்புகளை வைத்துப் பல தொழிற்சாலைகள் அதே யந்திரத்தை வெவ்வேறு ஓடுகளில் அடைத்து விற்றன. தைவானிலிருந்து ‘மைக்ரோ ஜீனியஸ்’, இந்தியாவில் ‘லிட்டில் மாஸ்டர்’, ரஷ்யாவில் ‘டெண்டி’, போலந்தில் ‘பெகாசஸ்’ என்று பெயர்தான் மாறியது. எங்கள் பக்கத்தில் பெயரைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. எல்லாமே ‘ரீவி கேம்’தான், அதற்குள் செருகுவது ‘கசெட்’தான்.

இலங்கையில் சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. மன்னாரில் அன்ரனாவை இராமேஸ்வரத்துப் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷனும் விழுந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். ரீவி கேம் அந்த அன்ரனாத் துளையில்தான் செருகப்பட்டது. அன்ரனா வயரைக் கழற்றினால் விளையாட்டு, திரும்பச் செருகினால் படம்.

ஆனால் 1980களில் வந்த யந்திரங்களை மன்னார்த் தீவில் தேடுவது வீண் வேலை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது, தலைமன்னார் ரயில் நின்றது, பெருந்தொகையானோர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். அந்த ஒக்டோபர் கடைசியில் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் தூக்க முடிந்ததைத் தவிர எல்லாம் வீடுகளோடு நின்றுபோயின. புதிய பாலம் 2010இல் திறந்தது, ரயில் 2015 மார்ச்சில்தான் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. ஆகவே இன்று தீவில் தேடினால் கைக்கு அகப்படுபவை பெரும்பாலும் பிந்திய நகல்கள். கொழும்புக் கடைகளில் வாங்கியவை, வளைகுடாவில் வேலைசெய்து திரும்பியவர்கள் கொண்டுவந்தவை, புத்தளம் பக்கத்திலிருந்து மீளக் குடியேறியவர்களின் சாமான்களோடு வந்தவை. அநேகமாக யந்திரம் செத்திருக்கும். கசெட்டின் ஊசிப்பட்டை கறுத்திருக்கும். கைப்பிடி மட்டும், அதில் கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றுமில்லாததால், தப்பியிருக்கும்.

இந்த நகல்களின் ஒன்பது ஊசிப் பிளக்கைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. ஃபமிகொமின் கைப்பிடிகள் யந்திரத்தோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. கழற்றி மாட்டும் கைப்பிடி வேண்டுமென்று நினைத்த நகல் தொழிற்சாலைகள் பல, அட்டாரி காலத்திலிருந்து சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒன்பது ஊசி வடிவத்தை எடுத்துக்கொண்டன. சேகாவின் மெகா டிரைவ் யந்திரத்துக்கும் இதே வடிவம்தான். வடிவம் ஒன்று, உள்ளே வயர்கள் வேறு. மெகா டிரைவில் 5 வோல்ற் வருவது ஐந்தாவது ஊசியில். ரீவி கேம் நகல்களிலோ வேறோர் ஊசியில், அதுவும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறலாம். பிளக் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை மற்றதில் செருகினால் மின்சாரம் போகக் கூடாத வழியால் போகும். செருகுவதற்கு முன் திறந்து பார்ப்பது என்பதை இந்த வேலையின் முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினால் ஓடு இரண்டாகப் பிரியும். பொத்தான்களுக்குக் கீழே மெல்லிய ரப்பர் விரிப்பு, ஒவ்வொரு குமிழின் அடியிலும் கரிப்பொட்டு. அதற்கும் கீழே விரல் நீளப் பலகை. பலகையில் ஒரு கறுப்புத் தார்ப்பொட்டு இருக்கும், சிப் அதற்குள்ளே. அசல் நின்டெண்டோ கைப்பிடியிலும் சில நல்ல நகல்களிலும் தார்ப்பொட்டுக்குப் பதிலாகப் பதினாறு கால் உள்ள 4021 என்ற சிப் வெளிப்படையாக இருக்கும். மின்னணுக் கடைகளில் சில்லறை விலைக்கு விற்ற பொதுவான சிப் அது, விளையாட்டுக்கென்று பிறந்ததல்ல. பலகையை வந்தடைபவை ஐந்தே வயர்கள். 5 வோல்ற் ஒன்று, தரை ஒன்று, மிகுதி மூன்றும் பேச்சுக்கு.

அந்தப் பேச்சு வகுப்பில் வரவு எடுப்பதைப் போன்றது. யந்திரம் முதலாவது வயரில் ஒரு துடிப்பு அனுப்பும். அந்தக் கணத்தில் எந்தப் பொத்தான்கள் அழுந்தியிருக்கின்றனவோ அந்த நிலை சிப்புக்குள் உறைந்துவிடும். பிறகு இரண்டாவது வயரில் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்புகள் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு பொத்தானின் பதில் மூன்றாவது வயரில் வெளியே போகும். ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: ஏ, பி, செலெக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. அழுத்தியிருந்தால் வயரில் மின்னழுத்தம் பூச்சியம், இல்லாவிட்டால் உயர்வு. எட்டுப் பதிலும் முடிந்ததும் அடுத்த படம் வரையப்படும் வரை மௌனம். செக்கனுக்கு 50 அல்லது 60 தடவை இது நடக்கிறது. இவ்வளவுதான் முழுப் பாஷையும். இதைக் கேட்கக்கூடிய எந்தச் சிறு கணிப்பானும் (மைக்ரோகொன்ட்ரோலர்) அதை யூஎஸ்பிக்கு மாற்றிச் சொல்லிவிடும்.

4021 சிப் கண்ணுக்குத் தெரிந்தால் வயர்களை இனங்காண்பது நிமிட வேலை. எட்டாவது கால் தரை, பதினாறாவது 5 வோல்ற், ஒன்பதாவது உறையவைக்கும் துடிப்பு, பத்தாவது எண்ணும் துடிப்பு, மூன்றாவது பதில். மல்ரிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, காலிலிருந்து பிளக் ஊசிவரை தொட்டுத் தொட்டு எழுதிக்கொள்ளலாம். தார்ப்பொட்டாக இருந்தால்தான் சற்றுப் பொறுமை வேண்டும். எட்டுப் பொத்தான்களின் ஒரு பக்கம் எல்லாம் ஒன்றாகச் சேரும் தடம் தரை. அது முதலில் உறுதியாகும். ரீவி கேம் யந்திரம் உயிரோடிருந்தால், அதை இயக்கி, கைப்பிடி செருகும் வாயில் அளந்து 5 வோல்ற்றையும் உறுதிசெய்யலாம். மிஞ்சுவது மூன்று வயர். மூன்றை மாற்றிப் பார்க்க ஆறு விதந்தான் உண்டு. ஒவ்வொன்றோடும் தொடராக ஒரு கிலோ ஓம் தடையை வைத்து மூன்றையும் கணிப்பானின் மூன்று கால்களில் இணைத்துவிட்டால், வயரைக் கழற்றாமல் மென்பொருளிலேயே ஆறு விதத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். எது சரியோ அதில் பொத்தானை அழுத்தும்போது எட்டுப் பதிலில் ஒன்று மட்டும் மாறும். தவறான சேர்க்கையில் இரண்டு வெளியீடுகள் மோதினாலும் தடை காப்பாற்றும். கையேடே இல்லாத பொருளுக்குக் கையேடு எழுதும் இந்த வேலைதான், என்னைப் பொறுத்தவரை, முழு முயற்சியிலும் அருமையான பகுதி.

இனி வழிகள். மிகப் பழையது அச்சுப்பொறி செருகும் பரலல் போர்ட் வழி. 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் ஆர்வலர்கள் கைப்பிடி வயரை அந்த இருபத்தைந்து ஊசிப் பிளக்கில் நேரே பற்றவைத்தார்கள். தேவையான மின்சாரத்தையும் போர்ட்டின் தரவு ஊசிகளிலிருந்தே டயோட்டுகள் வழியாக எடுத்தார்கள். விண்டோஸில் ‘டைரக்ட்பேட் புரோ’, லினக்ஸில் ‘கேம்கொன்’ என்ற இயக்கிகள் அதைப் புரிந்துகொண்டன. கந்தோரில் கழித்துவிட்ட கணினி ஒன்றை வீட்டில் படம் பார்க்க வைத்திருப்பவருக்கு, அதில் அந்தப் போர்ட் இருந்தால், காசு செலவில்லாத வழி இன்றும் இதுதான். ஆனால் யூஎஸ்பியிலிருந்து அச்சுப்பொறிக்குப் போகும் மாற்றி வயரை வாங்கி அதில் இதைச் செய்ய முடியாது. அது அச்சுத் தரவை மட்டும் கடத்தும், ஊசிகளைத் தனித்தனியே ஆள விடாது.

இரண்டாவது, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியின் ஊசிகளில் நேரடியாக இணைப்பது. 2012 பெப்ரவரி 29இல் வந்த அந்தப் பலகை வீட்டுப் படக் கணினியாகப் பரவியதற்கு அதன் விலையும் மின்சிக்கனமும் காரணம். அதன் ஊசிகளிலிருந்து கைப்பிடியைப் படிக்க ‘கேம்கொன்’ இயக்கியின் தழுவலும் உண்டு. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்கா. தவறி 5 வோல்ற் பட்டால் கைப்பிடி தப்பும், கணினி போய்விடும். கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது இயக்கியையும் மீண்டும் கட்ட வேண்டிவரலாம். பல வீட்டுப் படக் கணினிகளில் ஓடும் லிப்ரஎலெக் போன்ற பூட்டிய தளங்களில் அது இன்னும் சிரமம்.

மூன்றாவதுதான் நான் நிற்கும் இடம்: தனியான ஒரு கணிப்பான், ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் யூஎஸ்பி. கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கேம் கைப்பிடியாகவே தெரியும். விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொய்ட் பெட்டி எதிலும் தனி இயக்கி வேண்டியதில்லை. கனடாவின் ரஃபாயல் அசெனா போன்றவர்கள் யூஎஸ்பி வசதியே இல்லாத மலிவான சிப்புகளில் மென்பொருளால் யூஎஸ்பி பேசவைத்து, அதன் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார்கள். இன்று அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. யூஎஸ்பியைத் தானே பேசும் 32யூ4 சிப் உள்ள சிறு பலகைகளும், 2021 ஜனவரியில் 4 டொலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிக்கோவும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

இந்த இரண்டில் எது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பிக்கோ மலிவு, வேகம் அதிகம். ஆனாலும் பழைய கைப்பிடிக்கு 5 வோல்ற் வகை 32யூ4 பலகையையே முதலில் சொல்வேன். காரணம் இதுதான். 4021 சிப் 3 வோல்ற்றிலும் வேலைசெய்யும் என்று அதன் விபரத்தாள் சொல்கிறது. அசல் கைப்பிடியை 3.3 வோல்ற்றில் ஓட்டலாம். தார்ப்பொட்டுச் சிப்புக்கு விபரத்தாளே இல்லை. அதற்கு 5 வோல்ற் கொடுத்தால், பிக்கோவின் 3.3 வோல்ற் துடிப்பை அது ‘உயர்வு’ என்று எடுத்துக்கொள்ளுமா என்பது சந்தேகமே. இந்த வகைச் சிப்புகள் வழங்கலின் பத்தில் ஏழு பங்கையாவது எதிர்பார்க்கும், அது 3.5 வோல்ற். வரும் பதிலும் 5 வோல்ற்றாக இருப்பதால் தடைகளை வைத்துக் குறைக்க வேண்டும். 5 வோல்ற் பலகையில் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை.

பெட்டியில் பொருத்தும் ஒன்பது ஊசி வாயை வாங்கத் தேவையில்லை. பழைய கணினிகளின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டும் அதே வடிவம், ஊசியுள்ள ஆண் பக்கம். ரீவி கேம் கைப்பிடியின் பிளக் துளையுள்ள பெண் பக்கம். பழுதான மதர்போர்ட்டிலிருந்து அதைக் கழற்றி, இரு பக்கத்து அறுகோணக் கொட்டைகளையும் எடுத்துவிட்டால் பிளக் அடிவரை உட்காரும். ஒரு சோப்புப் பெட்டி, அந்த வாய், பலகை, மூன்று தடை, ஒரு யூஎஸ்பி வயர். மாற்றி முடிந்தது.

ஓட்டுக்குள்ளேயே யூஎஸ்பி பலகையை அடைத்து, பழைய பலகையை எறிந்துவிடும் வழியும் இருக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் பிறகு யாராவது ஒரு ரீவி கேம் யந்திரத்தைத் திருத்தி எடுத்தால் அதற்குக் கைப்பிடி இராது. யூஎஸ்பியோடு பிறந்த புதுப் பாவனைக் கைப்பிடிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பலவற்றின் திசைத்தட்டு, மேல் அழுத்தும்போது பக்கத்துத் திசையையும் சேர்த்து அழுத்திவிடும். முப்பது வருஷப் பழைய ரப்பர் இன்னும் சரியாகத் திரும்புகிறது என்றால் அதைப் பாதுகாப்பதே மேல்.

மற்றக் கைப்பிடிக் குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். நின்டெண்டோவின் அடுத்த யந்திரமான சூப்பர் ஃபமிகொம் (1990) இதே பாஷையைத்தான் பதினாறு பதிலாக நீட்டிப் பேசுகிறது, அவற்றில் பன்னிரண்டு பொத்தான்களுக்கு. அதே மாற்றியில் பதினாறு வரை எண்ணினால் இரண்டையும் படிக்கலாம். பழைய எட்டுப் பொத்தான் அசல் கைப்பிடி ஒன்பதாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் பூச்சியம் சொல்லும், அதைக்கொண்டு எது செருகப்பட்டிருக்கிறது என்பதை மாற்றி தானாகவே அறியும். நகல்கள் இந்த விஷயத்தில் நம்பத்தக்கவை அல்ல. மெகா டிரைவில் வரிசைப் பேச்சு இல்லை. ஒரு தெரிவு வயரை உயர்த்தித் தாழ்த்தி, அதே ஊசிகளில் இரண்டு தொகுதிப் பொத்தான்களைப் படிக்க வேண்டும். 2000களில் இங்கும் பரவிய பிளேஸ்டேஷன் கைப்பிடி 3.3 வோல்ற்றில் இருவழியாகப் பேசுகிறது, அதிர்வு மோட்டாருக்குத் தனி மின்சாரமும் கேட்கிறது. அதற்கு ஆயத்த யூஎஸ்பி மாற்றிகளே மலிவாகக் கிடைப்பதால் கையால் செய்வதில் பெரிய இலாபமில்லை. நின்டெண்டோ 64 ஒரே வயரில், ஒரு பிட்டுக்கு நான்கு மைக்ரோ செக்கன் வேகத்தில் பேசும். அதற்குத்தான் பிக்கோ பொருத்தம்.

கணினிப் பக்கத்தில் வேலை எளிது. வீட்டுப் படக் கணினிகளில் பரவலாக ஓடும் ‘கோடி’ மென்பொருளே ஒரு விளையாட்டு யந்திரத்தில்தான் பிறந்தது. மைக்ரோசொஃப்டின் முதல் எக்ஸ்பொக்ஸில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதியது அது. 2014இல் பெயர் மாறியது. 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து அது கைப்பிடிகளை ஒழுங்காகக் கையாள்கிறது. 2019 ஜனவரியில் வந்த 18ஆம் பதிப்பு விளையாட்டுகளையே தனக்குள் ஓட்டத் தொடங்கியது. அமைப்புப் பகுதியில் கைப்பிடியின் படம் ஒன்றைக் காட்டி ஒவ்வொரு பொத்தானாக அழுத்தச் சொல்லும். எட்டும் முடிந்தால் சரி. அதன்பிறகு அதே கைப்பிடி படத்துக்கும் ரிமோட் ஆகிவிடுகிறது. திசைத்தட்டால் நகர்ந்து, ஏயால் தெரிவுசெய்து, பியால் பின்னுக்கு வரலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தனிப் பொத்தான் இல்லைதான். செலெக்டை அழுத்திக்கொண்டு மேல், கீழ் என்று விசைப்பட்டியல் கோப்பில் எழுதிவைத்தால் அந்தக் குறையும் தீரும்.

இணைத்து விளையாடத் தொடங்கியதும் பலர் ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள்: விளையாட்டு ஓடுகிறது, ஆனால் முந்தி விளையாடியது மாதிரி இல்லை, எல்லாம் அவசரப்படுகிறது, பாட்டுக்கூட வேகமாகப் போகிறது. அவர்களின் ஞாபகத்தில் பிழை இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரீவி செக்கனுக்கு 60 படம் வரைந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் 50. இங்கே வந்த நகல் யந்திரங்களின் கணிப்பான் ஏறத்தாழ ஜப்பானிய வேகத்தில் ஓடினாலும் படத்தை 50 தடவைதான் வரைந்தது. விளையாட்டின் நடையும் பாட்டின் தாளமும் படக் கணக்கை ஒட்டியே நகர்வதால், ஆறில் ஒரு பங்கு மெதுவாக இருந்தன. சுருதி மட்டும் மாறவில்லை. இன்று கணினியில் ஓடும் போலி யந்திர மென்பொருள்கள் பழக்கமாக 60ஐ எடுத்துக்கொள்கின்றன. மேசன், எஃப்சீயூஎக்ஸ் போன்றவற்றில் பிரதேசத் தெரிவில் ‘டெண்டி’ என்று ஒன்று இருக்கும். ரஷ்யாவின் நகலுக்கு வைத்த பெயர், எங்கள் நகல்களுக்கும் அதுவே பொருந்தும். ரீவியையும் 50 ஹேர்ட்ஸில் வைத்தால் படம் துள்ளாது. இங்கே வளர்ந்தவர்கள் விளையாடிய விளையாட்டு அதுதான், மற்றவர்களுடையதைவிட மெதுவானது.

இன்னொரு முறைப்பாடு, அழுத்திய பின் தாமதித்துத்தான் பாய்கிறது என்பது. பழி மாற்றியின் மேல் விழும், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ரீவி. முழுவேக யூஎஸ்பி மாற்றி ஒரு மில்லி செக்கனுக்கு ஒருமுறை கணினிக்குச் சொல்லிவிடும். மென்பொருளால் யூஎஸ்பி பேசும் பழைய வகைக்குச் சுமார் பத்து. 50 ஹேர்ட்ஸில் ஒரு படத்தின் நேரமே 20 மில்லி செக்கன். தட்டை ரீவியோ படத்தை மெருகேற்றுவதற்காகப் பல படங்களின் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீவி அமைப்பில் ‘கேம் மோட்’ என்று இருப்பதைப் போட்டால் இது பெருமளவு குறையும். மாற்றி கைப்பிடியை மிக வேகமாக வாசிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகல் கைப்பிடிகளில் தானாக அடிக்கும் ‘டர்போ’ பொத்தான்கள் இருக்கின்றன. சில சிப்புகள் உறையவைக்கும் துடிப்பை எண்ணியே டர்போவை மாற்றிப் போடுகின்றன. செக்கனுக்கு ஆயிரம் தடவை வாசித்தால் அதுவும் ஆயிரத்துக்கு ஏற்றபடி துடித்து, விளையாட்டின் கண்ணில் ஒழுங்கில்லாமல் படும். அப்படிப்பட்ட கைப்பிடிக்கு மாற்றியின் வாசிப்பை 50க்கோ 60க்கோ குறைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். மன்னாருக்கே உரியது உப்பு. தீவின் எந்த வீடும் கடலிலிருந்து சில கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. உப்பளம் நகரத்தின் விளிம்பிலேயே கிடக்கிறது. சோழகம் வீசும் மாதங்களில் நுண்மணலும் உப்பும் யன்னலுக்குள்ளால் வரும். செப்பு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் பச்சை பிடிக்கும். கைப்பிடி வேலைசெய்யவில்லை என்று கொண்டுவரப்படும்போது சிப் செத்திருக்கும் என்று நினைப்பது தவறு. முதலில் பார்க்க வேண்டியது வயர் பலகையோடு சேரும் இடம், அடுத்தது பிளக் ஊசி, அதற்கடுத்தது கரிப்பொட்டு.

வயரின் ஒரு முனையை வெட்டிப் பார்த்தால் செப்பு இழைகள் கறுத்திருப்பது தெரியும், ஈயம் அதில் ஒட்டாது. பளபளப்பான செப்பு வரும் வரை சிறிது சிறிதாகக் குறைத்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும். வயரை வெட்டக் கூடாது என்ற என் விதிக்கு இது ஒன்றே விலக்கு. பலகையில் படிந்த பச்சையை ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு துடைக்கலாம். சிலர் மண்ணெண்ணெயால் கழுவுகிறார்கள். அது ரப்பரைப் பொருமவைக்கும், செய்யக் கூடாது. ரப்பர் விரிப்பை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் அலசி, நிழலில் உலரவிட்டால் போதும். தேய்ந்த கரிப்பொட்டில் மென்பென்சிலால் உரசினால் சில வாரம் தாங்கும். மாற்றிப் பெட்டிக்கும் இதே கவனம் தேவை. பற்றவைத்த இடங்களுக்கு நகப்பூச்சு ஒரு தடவை பூசினாலே உப்பு எட்டாது.

மின்சாரத்தையும் மறந்துவிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. படம் பார்க்கும் கணினி திடீரென்று நின்றால் நினைவு அட்டை பழுதாகும். சில வோட்ஸில் ஓடும் சிறு கணினியை 12 வோல்ற் பற்றரியிலிருந்து மின்னழுத்தம் குறைக்கும் கருவி மூலம் தாங்கலாம். கைப்பிடி இழுக்கும் மின்சாரம் அதன் பக்கத்தில் கணக்கிலேயே வராது. அதே வருஷம் ரூபாய் சரிந்தபின் வெளிநாட்டுச் சாமான் வாங்குவது எட்டாத காரியமாகியது. பழைய சீரியல் வாய், கையில் இருக்கும் தடைகள், ஒரே ஒரு சிறு பலகை என்று இந்த வழியை நான் வலியுறுத்துவதற்கு அதுவும் காரணம்.

விளையாட்டுகள் எங்கிருந்து வரும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். ‘ஒன்றில் ஆயிரம்’ என்று எண்ணிக்கை அச்சிட்ட கசெட்டுகளே அனுமதியில்லாத நகல்கள்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பழையது என்பதால் உரிமை அற்றுப்போவதில்லை. அதே யந்திரத்துக்காக இன்றும் புதிதாக எழுதி, ஆக்கியவர்களே இலவசமாகவோ சிறு விலைக்கோ கொடுக்கும் விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. பழைய கைப்பிடியில் அவை மிக நன்றாக ஓடுகின்றன.

இந்த எல்லா வழிகளுக்கும் வெளியே நிற்பது துவக்கு. வாத்துச் சுடும் விளையாட்டுக்கென்று யந்திரத்தோடு வந்த அந்தப் பிளாஸ்ரிக் துவக்கை இணைத்துத் தரச் சொல்லித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதன் குழாய்க்குள் இருப்பது ஓர் ஒளியுணரி. விசையை இழுத்ததும் யந்திரம் திரையை ஒரு படத்துக்குக் கறுப்பாக்கி, அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தை மட்டும் வெள்ளைச் சதுரமாக்கும். துவக்கு அந்த வெளிச்சத்தை அந்த நேரத்துக்குள் கண்டால் வாத்து விழும். பழைய பெட்டி ரீவியில் மின்கற்றை வரைந்த உடனேயே வெளிச்சம் வந்தது. தட்டை ரீவியில் அது பிந்தி வரும், துவக்கின் சுற்று எதிர்பார்க்கும் துடிப்பும் அதில் இல்லை. எந்த மாற்றியும் இதைச் சரிசெய்யாது. விசையை மட்டும் ஒரு பொத்தானாகக் கணினிக்குச் சொல்லலாம், குறியைச் சொல்ல முடியாது. திரையைச் சுற்றி வெள்ளை விளிம்பு வைத்து, கமராவால் குறி காணும் புதுத் துவக்குகள் இப்போது விற்பனையில் உண்டு. பழைய துவக்குக்கோ பெட்டி ரீவியும், அதோடு உயிருள்ள ரீவி கேம் யந்திரமும் வேண்டும். பழைய சாமான் வாங்குபவருக்குப் பெட்டி ரீவியைக் கொடுப்பதற்கு முன், அலுமாரியில் துவக்கு கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.